மூச்சின் ஆசான் கிருஷ்ணமாச்சாரியார்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

உறக்கத்தை விலைக்கு வாங்க முடியுமானால் பூந்தமல்லிச் சந்தையில் அதற்குத்தான் முதலில் கூட்டம் சேரும். எங்கள் பாரிவாக்கத்தில் இரவு பதினொரு மணிக்கு மேல் தெருவில் நடந்து பாருங்கள். விளக்கு அணைந்த வீடுகளிலும் விழித்திருப்பவர் உண்டு. ஆவடிச் சாலையில் ஓடும் லாரிகளின் இரைச்சல் மட்டுமா அவர்களை விழிக்க வைக்கிறது? வட்டி, வாடகை, மகளின் திருமணம், நாளை வேலை உண்டா இல்லையா என்னும் கணக்கு, இவையெல்லாம் லாரியைவிட உரக்க ஓடுகின்றன.

என் தந்தையார் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் லேத் இயந்திரம் ஓட்டுபவர். சென்ற ஆண்டு அவருக்கு இரத்த அழுத்தம் கூடியிருப்பது தெரிந்தது. மாத்திரை எழுதித் தந்த மருத்துவர், கவலையைக் குறைத்துக்கொள்ளும்படியும் சொல்லி அனுப்பினார். மாத்திரை எந்தக் கடையில் கிடைக்கும் என்பது தெரியும்; கவலைக் குறைப்பு எந்தக் கடையில் கிடைக்கும் என்று அப்பா வீட்டுக்கு வந்து எங்களைக் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதிலும் உயிரியல் படிப்பவன். அந்தக் கேள்வி என்னை நோக்கித்தான் வந்தது என்று பட்டது. எனக்கு விடை தெரியவில்லை.

விடை தேடி நூலகத்துக்குள் நுழைந்தபோது கண்ணில் பட்ட பெயர்தான் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். யோகக் கலையில் ஈடுபட்டோர் அனைவரும் அறிந்த பெயர். உலகெங்கும் இன்று யோகப் பயிற்சி என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பகுதி, இவரிடமோ இவருடைய மாணவரிடமோ போய் முடிகிறது. ஆயினும் இவர் தம் வாழ்வின் கடைசி முப்பத்தேழு ஆண்டுகளை நம் சென்னையிலேயே கழித்தார் என்பதும், தூக்கமற்றோரையும் நோயுற்றோரையும் ஒவ்வொருவராக எதிரே உட்காரவைத்து மூச்சைக் கற்றுக்கொடுத்தார் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

கர்நாடகத்தில் சித்ரதுர்க்கா மாவட்டத்தைச் சேர்ந்த முச்சுகுந்தபுரம் என்னும் சிற்றூரில் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் அவர் பிறந்தார். வேதம் ஓதும் வைணவக் குடும்பம். தந்தையே முதல் ஆசிரியர். பத்து வயதில் தந்தையை இழந்தார். பின்னர் மைசூரில் பரகால மடத்தில் சேர்ந்து கல்வியைத் தொடர்ந்தார். பதினாறு வயதில் கனவொன்று கண்டு நம் ஆழ்வார்திருநகரிக்கு வந்தார் என்றும், அங்கே மயங்கிய நிலையில் நாதமுனிகள் யோக நூலொன்றை உபதேசிக்கக் கேட்டார் என்றும் ஒரு வரலாறு வழங்குகிறது. அவரை மதிப்போர் அதை நம்புகின்றனர். அறிவியல் மாணவன் என்ற முறையில் நான் அதைக் கேட்டு வைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறொன்று. வடநாட்டில் தங்கிப் படித்த காலத்தில் வீட்டிலிருந்து அவருக்குப் பண உதவி ஏதும் இல்லை. நாளொன்றுக்கு ஏழு வீடுகளுக்கு மட்டுமே சென்று கேட்கலாம் என்னும் துறவியர் விதியைக் கைக்கொண்டு, கிடைத்த கோதுமை மாவை நீரில் பிசைந்து அடை தட்டித் தின்று படித்தார். ஏழாவது வீட்டிலும் இல்லையென்றால் அன்று பட்டினி. சாத்திரம் கற்ற குடியில் பிறந்தவருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் நண்பர்கள் நம் விடுதியில் உண்டு. பசியோடு பாடம் படித்தவர் என்ற தொடர்பு போதாதா?

காசியிலும் பிற இடங்களிலும் சமஸ்கிருதம், தருக்கம், வேதாந்தம், ஆயுர்வேதம் எனப் பல துறைகளைக் கற்றுத் தேர்ந்தார். கயிலை மலைப் பக்கம் சென்று இராமமோகன பிரம்மச்சாரி என்னும் குருவிடம் ஏழரை ஆண்டுகள் யோகம் பயின்றதாக அவரே சொல்லியிருக்கிறார். இந்தப் பயணத்தின் கால அளவைப் பற்றி ஆய்வாளர்களிடையே ஐயங்கள் உண்டு. குருவுக்குத் தரவேண்டிய காணிக்கை என்னவென்றால், ஊர் திரும்பி இல்லறத்தில் இருந்தபடியே யோகத்தைக் கற்பிக்க வேண்டும் என்பதாம். பட்டங்கள் பல பெற்றவர், மடத்திலோ சமஸ்தானத்திலோ பெரும் பதவி வகித்திருக்கலாம். அதை விட்டு, அந்நாளில் கழைக்கூத்துக்குச் சமமாகக் கருதப்பட்ட கலையைக் கையில் எடுத்தார். 1925-இல் நாமகிரியம்மாளை மணந்த பிறகு சில காலம் காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை வேலை செய்துதான் குடும்பத்தை நடத்தினார். அரைக்கால் சட்டையும் தொப்பியும் அணிந்து தோட்டத்தில் நின்ற பண்டிதரை எண்ணிப் பாருங்கள்!

மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அவருடைய அருமையை உணர்ந்தார். 1933-இல் ஜகன்மோகன் அரண்மனையின் ஒரு பகுதியில் யோகசாலை ஏற்பட்டது. 1934-இல் கன்னடத்தில் 'யோக மகரந்தம்' என்ற நூலை எழுதினார். மைசூர்க் காலத்துக் கிருஷ்ணமாச்சாரியார் கடுமையான ஆசான். எதிரே வரும் மாணவர்கள் அவரைக் கண்டால் சாலையின் மறுபக்கம் ஒதுங்குவார்களாம். அவருடைய மனைவியின் தம்பிதான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பி. கே. எஸ். ஐயங்கார். நோயாளிச் சிறுவனாக வந்து சேர்ந்த அவர், மைத்துனரின் கண்டிப்பைப் பிற்காலத்தில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். பட்டாபி ஜோயிஸும் அங்கே பயின்றவரே. ரிகா நகரில் பிறந்த இந்திரா தேவி என்னும் ஐரோப்பியப் பெண்மணி 1937-இல் வந்து கேட்டபோது, பெண் என்றும் அயல்நாட்டவர் என்றும் சொல்லி முதலில் மறுத்துவிட்டார். மன்னர் பரிந்துரைத்ததால் சேர்த்துக்கொண்டார். அவள் தானாகவே ஓடிவிடட்டும் என்பதுபோல் கடும் நியமங்களை விதித்தார். அவர் ஓடவில்லை. கடைசியில் ஆசானே மனம் மாறி, நீயும் பிறருக்குக் கற்பி என்று அனுப்பிவைத்தார். தம் கருத்தை மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர் என்பதற்காக இதை இங்கே எழுதுகிறேன். இனி வரும் பகுதிக்கு அது தேவைப்படும்.

1940-இல் மன்னர் மறைந்தார். நாடு விடுதலை பெற்றது, சமஸ்தானங்கள் போயின. 1950-இல் யோகசாலைக்கு வந்த உதவி நின்று அது மூடப்பட்டது. மனைவி மக்களோடு அறுபது வயதைத் தாண்டிய மனிதர் வேலையிழந்து நின்றார். மன இறுக்கம் என்ற நோயைப் பற்றி இவருக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையிருக்கவில்லை.

1952-இல் சென்னையிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பக்கவாதத்தால் படுத்துவிட்ட புகழ்பெற்ற சட்ட அறிஞர் ஒருவர் சிகிச்சைக்காக அவரை வரவழைத்தார். வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். இந்த இடத்தில்தான் அவர் வாழ்வின் திருப்பம் இருக்கிறது என்பது என் எண்ணம். மைசூரில் அவர் முன் நின்றவர்கள் வளைந்து நெளியும் உடல் வாய்த்த இளைஞர்கள். சென்னையில் அவர் முன் வந்தவர்களோ கை கால் விழுந்தவர்கள், ஆஸ்துமாக்காரர்கள், நீரிழிவு கொண்டவர்கள், கருவுற்ற பெண்கள், இரவெல்லாம் விழித்துக் கிடப்பவர்கள். இவர்களைத் தலைகீழாக நிற்கச் சொல்ல முடியுமா? கண்டிப்பு அங்கே செல்லுபடியாகவில்லை. ஆகவே ஆசான் தம் முறையை மாற்றினார். பயிற்சிக்கேற்ற ஆளைத் தேடியவர், ஆளுக்கேற்ற பயிற்சியை அமைக்கத் தொடங்கினார்.

வருபவரின் நாடியைப் பிடித்துப் பார்ப்பார். தோலின் நிறத்தைக் கவனிப்பார். மூச்சு எப்படிப் போகிறது, எப்படி வருகிறது என்று காது கொடுத்துக் கேட்பார். உணவு, வேலை, வயது, குடும்ப நிலை ஆகியவற்றை விசாரிப்பார். பிறகே பயிற்சி. பலருக்கு அது மிக எளிமையானதாக இருக்கும். மல்லாந்து படுத்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது கைகளைத் தலைக்கு மேல் கொண்டுபோதல். மூச்சை விடும்போது மெல்லக் கீழே இறக்குதல். அசைவு மூச்சுக்குள் அடங்கியிருக்க வேண்டும். மூச்சு முந்தித் தொடங்கி, அசைவு முடிந்த பின்னரே முடிய வேண்டும். தொண்டையில் மெல்லிய ஓசையோடு மூச்சு செல்லுமானால் அது தடுமாறுவது நமக்கே கேட்டுவிடும். விடும் மூச்சைச் சிறிது சிறிதாக நீட்டச் சொல்வார். மூச்சு முட்டினால் அன்றைய அளவு அதிகம் என்று பொருள். அடக்கி வைத்துக்கொள்ளும் வீரமெல்லாம் நோயாளிக்கு இல்லை.

1960-களின் தொடக்கத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அவருடைய மகன் தேசிகாச்சார் பலமுறை எடுத்துரைத்திருக்கிறார். மகன் பொறியியல் படித்துத் தேறியவர். தந்தையின் தொழிலில் நாட்டமில்லாதவர். ஒருநாள் காலை வீட்டு வாசலில் அமர்ந்திருந்தபோது பெரிய கார் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய நியூசிலாந்துப் பெண்மணி ஓடிவந்து, நாமம் தரித்த அந்த வைதிகரை நடுத்தெருவில் கட்டித் தழுவி நன்றி சொன்னார். மகன் திகைத்துப் போனார். பிறகுதான் செய்தி தெரிந்தது. பல ஆண்டுகளாக மாத்திரை இல்லாமல் கண் மூட முடியாதிருந்த அந்த அம்மையார், முந்தின இரவு மாத்திரை இன்றி உறங்கியிருந்தார். பணம் படைத்தவர், உலகத்து மருத்துவத்தையெல்லாம் பார்த்தவர், ஒரு கிழவரிடம் மூச்சு விடக் கற்றுக்கொண்டு தூங்கினார்! மகன் பொறியாளர் வேலையைத் துறந்து தந்தைக்கு மாணவரானார். அப்பாவின் கேள்விக்கு விடை இருக்கும் இடம் இதுதான் என்று நானும் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டேன்.

இதில் மாயம் ஏதும் இல்லை. நம் விலங்கியல் பாடத்திலேயே விடை இருக்கிறது. அபாயம் கண்ட விலங்கு ஒன்று போரிடும் அல்லது ஓடும். அதற்காக அட்ரீனல் சுரப்பி சுரக்க, இதயம் விரைந்து துடிக்க, மூச்சு வாங்க, இரைப்பையின் வேலை நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டு பேராசிரியர் வால்டர் கேனன் இதை விளக்கினார். ஹான்ஸ் செல்யே என்னும் இளம் ஆய்வாளர் கனடாவில் எலிகளைப் பலவகைத் துன்பங்களுக்கு உட்படுத்தி, 1936-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கடிதம் வெளியிட்டார். துன்பம் எதுவானாலும் விளைவு ஒன்றே: அட்ரீனல் வீங்கியது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் விழுந்தது. மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டு! புலியைக் கண்ட மான், புலி போனதும் மேயத் தொடங்கிவிடும். மனிதனின் புலியோ மாதந்தோறும் ஐந்தாம் தேதி வாடகை கேட்டு வரும். அது போவதே இல்லை. ஆகவே சுரப்பிகளும் ஓய்வதில்லை. கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் நெடுநாள் மிகுந்திருந்தால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும், உறக்கம் கெடும்.

இந்த எச்சரிக்கை மணியை அடிக்கும் நரம்புத் தொகுதிக்குத் தமிழில் பரிவு நரம்பு மண்டலம் என்று பெயர். நம்மைப் பதறவைக்கும் நரம்புக்குப் பரிவு என்று பெயர் வைத்தவர் யாரோ! அதை அடக்கி அமைதி தருவது எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம். அதில் முதன்மையானது வேகஸ் நரம்பு. இதயத்தையும் இரைப்பையையும் நாம் விரும்பியபடி ஆட்டிவைக்க முடியாது. ஆனால் மூச்சு மட்டும் இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்கிறது. நாம் மறந்தாலும் ஓடும். நினைத்தால் நம் சொல்லையும் கேட்கும். மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு ஆழ்ந்து மூச்சு விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரையும், விடும்போது தளரும். விடும் நேரத்தில் வேகஸின் கை ஓங்குவதே காரணம். விடும் மூச்சை நீட்டச் சொன்ன முதியவர் வேகஸ் என்ற பெயரைச் சொல்லவில்லை. அதன் வாசலில்தான் தட்டிக்கொண்டிருந்தார்.

2001-இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிறித்தவர் லத்தீனில் செபமாலை சொன்னாலும், பௌத்தர் மந்திரம் சொன்னாலும், மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைகிறது. இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயல் வலுப்படுகிறது என்று கண்டார்கள். சாதாரணமாக நாம் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சு விடுகிறோம். நான்கு நொடி இழுத்து ஆறு நொடி விட்டால் நிமிடத்துக்கு ஆறு என்ற கணக்கு சரியாக வந்துவிடும். எந்தக் கடவுளின் பெயர் என்பது நுரையீரலுக்குத் தெரியாது போலும். வைணவ ஆசாரத்தில் ஊறிய கிருஷ்ணமாச்சாரியாரும் இதில் பிடிவாதம் காட்டவில்லை. கண்ணை மூடிக் கடவுளை நினைக்கச் சொல்வார். கடவுள் வேண்டாமென்றால் சூரியனை. அதுவும் வேண்டாமென்றால் பெற்றோரை. நம் கல்லூரிப் பகுத்தறிவாளர்களும் மூன்றாவதை மறுக்க மாட்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இளமையில் அவர் வேறுவகை வித்தைகளாலும் பேர் பெற்றவர். இதயத் துடிப்பையே நிறுத்திக் காட்டினார் என்ற புகழ் இன்றும் அவரைப் பற்றிய நூல்களில் எல்லாம் உண்டு. 1935-இல் பிரெஞ்சு இதய மருத்துவர் தெரேஸ் பிராஸ் கருவிகளோடு இந்தியா வந்து யோகிகளைச் சோதித்தார். ஆனால் 1961-இல் வெங்கர், பாக்சி என்னும் இருவரும் டில்லியைச் சேர்ந்த ஆனந்த் என்பவரும் வெளியிட்ட ஆய்வு உண்மையைத் தெளிவாக்கிற்று. இவ்வித்தையைச் செய்வோர் மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்குகின்றனர். அதனால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து, மணிக்கட்டில் நாடி மறைகிறது. இதய மின்வரைபடத்தில் துடிப்பு நிற்கவே இல்லை. யோகத்தின் பக்கம் மக்களைத் திருப்ப அந்நாளில் இத்தகைய காட்சிகள் தேவைப்பட்டிருக்கலாம். பின்னாளில் மகன் தமக்கும் அதைக் கற்பிக்கக் கேட்டபோது, அதனால் யாருக்கும் பயனில்லை, செருக்குத்தான் வளரும் என்று தந்தை தட்டிக்கழித்துவிட்டார். நாடியை மறைத்துக் காட்டிய காட்சியைவிட, ஒரு பெண்மணியைத் தூங்கவைத்த காலைப்பொழுதே பெரிது என்று அவரே முடிவு செய்துவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது.

மூச்சுப் பயிற்சி வாடகையைக் குறைக்காது, கூலியை உயர்த்தாது. அதைச் செய்தால் மாத்திரை வேண்டாம் என்று சொல்வோரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கிருஷ்ணமாச்சாரியாரே ஆயுர்வேதம் கற்றவர். உணவு, மருந்து ஆகியவற்றோடு சேர்த்தே பயிற்சியைத் தந்தவர். என் தந்தையார் மாத்திரையை விடவில்லை. இரவு உணவு முடிந்து சற்று நேரம் கழித்து, மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்து, கைகளை உயர்த்தி இறக்கிப் பத்து நிமிடம் மூச்சு விடுகிறார். முதல் வாரம் அம்மா சிரித்தார்கள். மூன்றாம் வாரம் பக்கத்தில் இன்னொரு பாய் விழுந்தது. தூக்கம் எல்லா இரவும் வருவதில்லை. வரும் இரவுகள் முன்பைவிடக் கூடியிருக்கின்றன. ஓர் எலியை வைத்துச் செய்த சோதனையை ஆய்வு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள் நம் பேராசிரியர்கள். ஆகவே இதை ஆய்வு என்று நான் சொல்லவில்லை.

1976-இல் தேசிகாச்சார் தந்தையின் பெயரால் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தை நிறுவினார். முதியவர் பாடம் சொல்வதை நிறுத்தவில்லை. 1984-இல், தொண்ணூற்றாறாம் வயதில், கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சையை மறுத்துவிட்டார். படுக்கையில் இருந்தபடியே செய்யக்கூடிய ஒரு பயிற்சியைத் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிற நோயாளிகளுக்கு வகுத்துக் கொடுத்ததுபோல், இப்போது நோயாளியும் அவரே, ஆசானும் அவரே. அதன் பிறகும் மாணவர்கள் அந்தக் கட்டிலருகே வந்து பாடம் கேட்டார்கள். 1989-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சென்னையில் அவருடைய மூச்சு நின்றது. அப்போது அவருக்கு நூறு வயது நிறைந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன.